நிலத்தடியில் தங்கிய நீர்

வானிலிருந்து மழையை அளவோடு இறக்கிப் பூமியில் தங்க வைப்பதாகவும், அதைப் போக்கிவிடவும் தான் ஆற்றலுடையவன் என்றும் ஸூரத்துல் முஃமினூனின் 18ஆம் வசனத்தில் அல்லாஹ் எச்சரிக்கிறான். அந்தத் ‘தங்க வைத்தல்’ எவ்வாறு நடக்கிறது என்பதை வன்னி மண்ணிலேயே காணலாம்.

புத்தளப் பக்கமிருந்து முல்லைத்தீவுப் பக்கம் வரை ஒரு கோடு கீறிப் பாருங்கள். கோட்டுக்குத் தென்கிழக்கே, வவுனியா அடங்கலாக, ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மூத்த கடும்பாறை. அங்கே நீர் பாறை வெடிப்புகளிலும் மேலே உக்கிய படையிலுமே நிற்கும். வடமேற்கே நிலை வேறு. மயோசீன் காலத்தில் அங்கே கடல் இருந்தது. கடலுயிர்களின் ஓடுகள் படிந்து இறுகிச் சுண்ணக்கல்லாயின. அதன்மேல் களியும் மணலும் செம்மண்ணும் படிந்தன. கிளிநொச்சி மாவட்டத்து முழங்காவிலிலும் மன்னாரின் முருங்கனிலும் இக்கல்லின் துவாரங்களே நீர்க்களஞ்சியம். களிப்படை மூடிய இடத்தில் நீர் அழுத்தத்தோடு இருப்பதால், குழாய்க்கிணறு துளைத்ததும் தானே மேலெழும்.

கரையோர மணலில் இன்னோர் ஏற்பாடு. மழைநீர் உப்புநீரைவிட இலேசானது. ஆகவே அதன்மேல் மிதக்கும். கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் இருக்கும். மோட்டார் வைத்து இறைத்து மேலே ஓர் அடியைக் குறைத்தால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு நாற்பது அடி ஏறிவரும். 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை கரையோரக் கிணறுகளை ஒரே நாளில் உவராக்கியது. அதையே நாம் மோட்டாரால் மெதுவாகச் செய்யலாகாது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, முல்லைத்தீவின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி மக்களும் வீட்டோடு கிணற்றையும் விட்டுப் போனார்கள். இரண்டு ஊர்ப் பெயரிலும் நீர் இருக்கிறது. 2009இல் யுத்தம் முடிந்தபின் வடக்கே மீளக் குடியேறியவர்களுக்கு முதல் தேவையே கிணறுதான். நிலத்துக்கு உறுதி எழுதலாம்; அதன் அடியில் ஓடும் நீருக்கு வேலி போட முடியாது. என் வளவில் அளவின்றி இறைத்தால் அயலவரின் கிணறும் வற்றும், உவராகும். அயலவர் முஸ்லிமாயினும் இந்துவாயினும் கிறிஸ்தவராயினும் அது ஹக்குல் இபாத்.

ஆகவே, கரையோரத்தில் கிணற்றை ஆழமாக்காதீர்கள். ஒரே மூச்சில் இறைக்காமல் விட்டுவிட்டு இறையுங்கள். மாரி மழையை வளவிலேயே ஊற விடுங்கள். நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’, அதாவது இரு கை நிறைய அள்ளும் அளவு நீரில் வுழூச் செய்தார்கள். பள்ளிவாசல் குழாயைத் திறக்கும்போது இதை நினைவுகூர்வோம்.

தந்த நிஃமத்தைப் பேணும் தவ்பீக்கை அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.