தண்ணீர் மேட்டில், பயிர் பள்ளத்தில்

கேள்வி: எங்கள் உழவர் குழுவில் பன்னிரண்டு பேர் ஆலப்புழைக்குப் படகுப் பயணம் போகிறோம். கடல்மட்டத்துக்குக் கீழே நெல் விளைகிறது என்கிறார்களே, உண்மையா? எந்தப் படகில் போனால் வயலைப் பார்க்கலாம்?
– வாசகர், பாபநாசம் வட்டாரம்

பதில்: உண்மைதான். குட்டநாடு என்பது அந்தப் பகுதியின் பெயர். உலக உணவு வேளாண்மை அமைப்பு 2013-இல் அதை வேளாண் பாரம்பரியப் பகுதியாக அங்கீகரித்தது.

வாடகை வீட்டுப்படகு வேண்டாம். அந்தக் கெட்டுவள்ளங்கள் ஒரு காலத்தில் நெல் ஏற்றியவை. இன்று அங்கே ஓடும் மோட்டார் படகுகளின் அலை வயல் கரையை அரிக்கிறது. ஆலப்புழை படகுத்துறையிலிருந்து கோட்டயத்துக்கு அரசுப் படகு உண்டு. சுமார் இரண்டரை மணி நேரம் ஆகும். பள்ளிப் பிள்ளைகளும் சந்தைக்குப் போய்வருவோரும் துறைக்குத் துறை ஏறி இறங்குவார்கள். பன்னிரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து நம்மூர்க் கதையையே பேசிக்கொண்டு வந்தால் போன பயன் இல்லை. ஆளுக்கொரு பலகையில் உட்காருங்கள். பக்கத்தில் இருப்பவர் நெல் விவசாயியாகவும் இருக்கலாம். தமிழில் மெதுவாகக் கேட்டால் புரிந்துகொள்வார்கள்.

படகிலிருந்து பார்த்தால் கால்வாய்த் தண்ணீர் கரையை ஒட்டி நிற்கும். கரைக்கு அப்பால் நெற்பயிர் வெகு கீழே தெரியும். கரையால் சூழப்பட்ட அந்த வயல்தொகுதிக்குப் பாடசேகரம் என்று பெயர். மழைக்காலத்தில் வயல் முழுதும் மூழ்கிக் கிடக்கும். மழை ஓய்ந்ததும் 'பெட்டியும் பறையும்' என்ற இறைப்பானால் வெளியே இறைத்துவிட்டுத்தான் விதைப்பு. பறை என்ற உருளை நீரைத் தூக்கும். பெட்டி அதைக் கால்வாயில் தள்ளும். முன்பு காலால் மிதிக்கும் சக்கரத்தில் இறைத்தார்கள்.

இதைத் தனி ஒருவர் செய்ய முடியாது. கரை ஓரிடத்தில் உடைந்தால் உள்ளே இருக்கும் அத்தனை பேர் பயிரும் போயிற்று. 2018 வெள்ளத்தில் பல கரைகள் உடைந்தன. கோடையில் கடல் உப்பு ஏறாமலிருக்கத் தண்ணீர்முக்கம் தடுப்பணையின் கதவுகளை அடைக்கிறார்கள். நெல்லுக்கு அது காப்பு. மீனவர்களுக்கோ நட்டம், மீன் ஏறிவர வழியில்லை. ஓட்டம் நின்ற நீரில் ஆகாயத்தாமரையும் பெருகுகிறது. இரு தரப்பையும் கேட்டு வாருங்கள்.

பயிர் நிற்கும் பிப்ரவரியில் போவது நல்லது. உங்கள் பக்கத்தில் வடிகால் தூர்வார ஆளுக்கு எவ்வளவு என்பதில்தானே ஆண்டுதோறும் தகராறு? இறைப்புச் செலவை அங்கே எப்படிப் பங்கிடுகிறார்கள் என்று மறக்காமல் விசாரியுங்கள். திரும்பி வரும் கடைசிப் படகு எப்போது என்பதைக் காலையிலேயே படகுத்துறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.