மூலைப்பொழியும் முருகன் அருளும்

தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து உடன்குடி வரையில் எந்தக் காப்பிக் கடையில் உட்கார்ந்தாலும், தோழர் ஷிவ் நாடார் அவர்களைப் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் காதில் விழும். ஒன்று, "எல்லாம் செந்திலாண்டவன் கொடுத்தது, அவர் தலையெழுத்து அப்படி" என்பது. மற்றொன்று, "நம்ம ஜாதி ரத்தம் வியாபார ரத்தம், வேறு எப்படி இருக்கும்?" என்பது. இவற்றைச் சொல்லுகிறவர்கள் அவரைப் புகழுவதாகத்தான் நினைத்துக் கொள்ளுகிறார்கள். ஆனால் இரண்டும் அந்த மனிதருடைய அறிவையும் உழைப்பையும் அவரிடமிருந்து பிடுங்கி, பாதியைச் சாமிக்கும் பாதியை ஜாதிக்கும் பங்கு போட்டுக் கொடுக்கிற காரியமேயாகும்.

உண்மையில் நடந்தது என்ன? திருச்செந்தூருக்குப் பக்கத்தில், செம்மணல் தேரியும் பனையும் உள்ள மூலைப்பொழி என்னும் சிற்றூரில் 1945-ஆம் வருஷம் ஜூலை 14-ந் தேதி அவர் பிறந்தார். பனையேறியின் குடிசையில் பிறந்தார் என்று கதை கட்ட நாம் வரவில்லை. "தினத்தந்தி"யை ஆரம்பித்த ஆதித்தனார் அவருக்குத் தாய்மாமன். ஆகவே படிக்க வைக்க வகையுள்ள குடும்பந்தான். அந்தப் படிப்பு எங்கெங்கே கிடைத்தது என்பதைக் கவனியுங்கள். கும்பகோணத்தில் டவுன் ஹைஸ்கூல், மதுரையில் இன்று மாநகராட்சிப் பள்ளியாயிருக்கும் இளங்கோ பள்ளி, திருச்சியில் பாதிரிமார்களின் செயின்ட் ஜோசப் பள்ளி, பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி, கடைசியில் கோயமுத்தூர் பி.எஸ்.ஜி. கல்லூரியில் மின்சார இன்ஜினீயரிங். பாதிரியும், அமெரிக்க மிஷனும், ஒரு மில் முதலாளி குடும்பத்தாரின் தர்ம ஸ்தாபனமுமாகச் சேர்ந்து கொடுத்த படிப்பு அது. இதில் எந்த இடத்தில் வேல் வந்தது, எந்த இடத்தில் மயில் வந்தது?

படிப்பு முடிந்து 1967-ல் புனாவில் வால்சந்த் கூட்டத்தாரின் கூப்பர் இன்ஜினீயரிங்கில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு டில்லி துணி ஆலைக் கம்பெனியில், கணக்குப் போடும் கருவிகள் விற்கும் பகுதியில் உத்தியோகம் பார்த்தார். நல்ல உத்தியோகந்தான். அதை விட்டு வெளியே வந்து, கூட வேலை பார்த்த சில வாலிபர்களுடன் 1976-ல் 1,87,000 ரூபாய் முதலில் ஹிந்துஸ்தான் கம்ப்யூட்டர்ஸ் கம்பெனியை ஆரம்பித்தார். அந்த வாலிபர்களில் அர்ஜுன் மல்கோத்ரா, அஜய் சௌத்ரி ஆகிய பெயர்களைப் படித்தாலே இது உறவின்முறைக் கடையல்ல என்பது விளங்கும். வியாபார ரத்தம் என்கிறவர்கள் இந்த மல்கோத்ராவை எந்தப் பேட்டையில் சேர்க்கப் போகிறார்கள்?

அதோடு சர்க்காரும் கை கொடுத்தது. உத்தரப் பிரதேச சர்க்கார் அந்தக் கம்பெனியில் பங்கு போட்டது. அந்நியக் கம்பெனிகள் உள்நாட்டாருக்குப் பங்கு கொடுக்க வேண்டுமென்ற சட்டத்திற்கு இணங்க மனமில்லாமல் ஐ.பி.எம். என்னும் அமெரிக்கக் கம்பெனி 1978-ல் இந்நாட்டை விட்டுப் போயிற்று. அதே வருஷத்தில் இவர்கள் தங்கள் முதல் சிறு கணிப்பொறியை வெளியிட்டார்கள். 1980-ல் சிங்கப்பூரில் கடை விரித்தார்கள். சந்தையில் இடம் காலியாயிற்று, நுழையத் தெரிந்தவன் நுழைந்தான். காரணமும் காரியமும் கண்ணுக்கெதிரே இருக்கும்போது தலையெழுத்துக்கு இங்கே என்ன வேலை?

சர்க்காரின் கை என்றோமே, அதற்கு இந்தத் துறைமுகத்திலேயே ஒரு அத்தாட்சி இருக்கிறது. 1906-ல் தோழர் வ.உ.சிதம்பரம் பிள்ளை 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு என்று திட்டம் போட்டு சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தூத்துக்குடியில் ஆரம்பித்தார். அறிவில் குறைவா? உழைப்பில் குறைவா? பக்தியிலாவது குறைவா? வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து அடித்தது, வெள்ளைக்கார சர்க்கார் 1908-ல் அவரைச் சிறையில் போட்டுச் செக்கிழுக்க வைத்தது, 1911-ல் கம்பெனி கலைந்தது. இதே கடற்கரையைச் சேர்ந்த இரண்டு பேர், இரண்டு கம்பெனி. ஒருவருக்குச் சர்க்கார் பங்கு போட்டது, மற்றவருக்கு விலங்கு போட்டது. செந்திலாண்டவன் இரண்டு காலத்திலும் அதே கரையில் அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

நிற்க, அதே 1908-ல் இன்னொரு காரியமும் நடந்தது. கமுதிக் கோயிலுக்குள் 1897-ல் நுழைந்த நாடார்கள் பேரில் இராமநாதபுரம் இராஜா தொடுத்த வழக்கு சீமை வரைக்கும் போய், "உங்களுக்குக் கோயிலில் நுழைய உரிமையில்லை" என்று பிரிவி கௌன்சிலில் தீர்ப்பாயிற்று. பனை ஏறுகிறவன் நிழல் பட்டால் சாமிக்குத் தீட்டாம். 1939-ஆம் வருஷத்து ஆலயப் பிரவேசச் சட்டத்தை ஒட்டித்தான் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

அப்படி வெளியே நிறுத்தப்பட்டவர்களின் வழியில் வந்தவருடைய எச்.சி.எல். நிறுவனம் இன்று திருச்செந்தூர்க் கோயில் வேலைகளுக்கு 200 கோடி ரூபாய் கொடுத்திருக்கிறது. கோயில் பணம் 100 கோடியும் சேர்த்து 300 கோடித் திட்டமாக 2022-ல் வேலை துவங்கி, 2025 ஜூலை 7-ந் தேதி கும்பாபிஷேகமும் ஆயிற்று. வெயிலில் நிற்கிற ஏழை ஜனங்களுக்கு நிழலும் தண்ணீரும் கக்கூசும் கட்டுவதை நாம் குறை சொல்ல மாட்டோம். சாமி பெயரைச் சொல்லியாவது அது கிடைக்கட்டும். ஆனால் ஒரு கேள்வி கேட்கிறோம். சகல ஜாதியாரும் அர்ச்சகராகலாம் என்று 1970-ல் சட்டம் செய்தாயிற்று. 2021-ல் சில கோயில்களில் நியமனமும் நடந்தது. மூலைப்பொழிப் பையன் ஒருவன் முறையாகப் பயிற்சி பெற்று வந்து நின்றால், 200 கோடி வாங்கிய அந்தக் கோயிலின் கருவறையில் அவனைப் பூசை செய்ய விடுவார்களா? கொடுத்தவர் இந்த ஒரு நிபந்தனையை வைத்திருந்தால் நாமே நேரில் போய்க் கைகொடுத்திருப்போம்!

பெயரைப் பற்றியும் சொல்லித்தான் தீர வேண்டும். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாட்டில், அதே சமூகத்தில் பிறந்த பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியன் தலைமையில், ஜாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டுமென்று தீர்மானமாயிற்று. இன்று பல்கலைக்கழக வாசலிலேயே ஜாதிப் பட்டம் பலகையாக நிற்கிறது. டில்லியில் அது வெறும் குடும்பப் பெயர்தானே என்று சமாதானம் சொல்லுவார்கள். டில்லிக்காரனுக்கு அப்படியிருக்கலாம், உடன்குடிக்காரனுக்கு அப்படியல்லவே! அதே மகாநாட்டில் பெண்களுக்குச் சமமான சொத்துரிமை வேண்டுமென்றும் தீர்மானித்தார்கள். அந்த விஷயத்தில் இவரைப் பாராட்டுகிறோம். தமது ஒரே மகள் ரோஷ்ணியிடம் 2020-ல் கம்பெனியின் தலைமைப் பதவியை ஒப்படைத்தார். பிள்ளையில்லாதவன் "புத்" என்னும் நரகத்துக்குப் போவான் என்கிற சாஸ்திரத்தை அவர் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை.

படிப்புக்கு அவர் கொடுப்பதும் கொஞ்சமல்ல. 1996-ல் சென்னைக்குப் பக்கத்தில் காலவாக்கத்தில் தகப்பனார் பெயரால் இன்ஜினீயரிங் கல்லூரி வைத்தார். 2024-ஆம் வருஷத்து ஹூருன் கொடையாளர் பட்டியலில் அவர் குடும்பத்தின் கொடை 2,153 கோடி ரூபாய் என்று கண்டிருக்கிறது. எல்லாவற்றிலும் நமக்குப் பெரிதாகத் தெரிவது "வித்யாஞான்" பள்ளிகள்தான். கிராமத்து ஏழைப் பிள்ளைகளைப் பரீட்சை வைத்துப் பொறுக்கி எடுத்து, சாப்பாடும் இடமும் கொடுத்து, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை இலவசமாகப் படிக்க வைக்கிறார்கள். 2009-ல் புலந்த்ஷகரிலும் 2012-ல் சீதாப்பூரிலும் ஆரம்பித்தார்கள். இரண்டும் உத்தரப் பிரதேசத்தில் இருக்கின்றன.

பங்கு போட்ட மாகாணத்துக்குச் செய்த கைம்மாறு என்றால் சரிதான். பெற்ற கடற்கரை என்ன பாவம் செய்தது? மன்னார்க் குடாவில் சர்க்கார் நடத்திய முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோயிற்று. மூச்சடக்கி மூழ்கியவர்களின் பேரப்பிள்ளைகள் புன்னைக்காயலிலும் மணப்பாட்டிலும் வேம்பாரிலும் வலை இழுக்கிறார்கள். பனையேறியின் பிள்ளை திருப்பூருக்குப் பஸ் ஏறுகிறான். முத்துக் கரையில் மூன்றாவது வித்யாஞான் ஒன்று, ஜாதிப் பட்டம் இல்லாத பெயர்ப் பலகையோடு, பரதவன் பிள்ளையும் பள்ளன் பிள்ளையும் நாடார் பிள்ளையும் மரக்காயர் பிள்ளையும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும்படியாக வைக்க வேண்டுமென்று தோழர் ஷிவ் நாடார் அவர்களைப் பகிரங்கமாகவே கேட்டுக்கொள்ளுகிறோம். தேரிக் காட்டில் இடத்திற்குப் பஞ்சமில்லை.