பிள்ளைகளுக்கு இரக்கக் கதை போதுமா?

ஆறாவது முதல் எட்டாவது வரை படிக்கும் பிள்ளைகளுக்கு அன்பும், பிறரைச் சமமாய் மதிக்கும் குணமும் உண்டாக என்ன நாவல் கொடுக்கலாம் என்று நம்மைச் சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். ஆனால் இதற்காகச் சில கனவான்கள் சிபாரிசு செய்யும் புஸ்தகங்களைப் பார்த்தால் நமக்குச் சிரிப்பு வருகிறது. பணக்காரப் பிள்ளை ஏழைப் பிள்ளைக்குப் பழைய சட்டை கொடுக்கிறான்; அவன் கண்ணீர் விட்டுக் கும்பிடுகிறான்; கதை முடிந்தது! கும்பிடுகிறவன் ஏன் கும்பிட வேண்டியவனானான் என்ற கேள்விக்கே அதில் இடமில்லை. இது அன்பைக் கற்பிப்பதா, மேல் கீழைக் கற்பிப்பதா?

பாடப் புஸ்தகத்தின் முன்பக்கத்தில் தீண்டாமை பாவம், குற்றம் என்று வெகு காலமாய் அச்சிட்டு வருகிறார்கள். (பாவமென்பானேன்? பாவமானால் பரிகாரம் செய்து தீர்த்துக்கொள்ளலாமே!) அதைப் படித்த பிள்ளைகள்தான் 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் உடன் படித்தவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள், தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. பிறகு சர்க்கார் நியமித்த ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு அவர்கள், சாதிக்கொரு நிறமாய்க் கையில் கயிறு கட்டி வருவதைப் பள்ளிக்கூடத்தில் தடுக்க வேண்டுமென்று 2024 ஜூனில் அறிக்கை கொடுக்க வேண்டியதாயிற்று.

நெல்லைச் சீமைதான் இப்படி என்று நம் மதுரைச் சீமையார் மார்தட்ட வேண்டாம். உத்தப்புரத்தில் 1989-ல் எழுப்பிய சுவர், 2008 மே 6-ந் தேதி ஒரு பகுதி இடிபடும் வரை நின்றது. இரு பக்கமும் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சுவர் தெரியும். அப்பால் இருக்கிற பிள்ளையின் மனசு தெரியுமா?

அதைக் காட்டும் புஸ்தகங்கள் தமிழில் இல்லாமலில்லை. பாமா 1992-ல் எழுதிய ‘கருக்கு’ நம் தெற்கத்திக் கிராமத்துக் கதை. அதில் ஒரு பெரியவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டிய நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார். மூன்றாவது படிக்கும் சிறுமி அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அவள் அண்ணன் காரணத்தைச் சொன்ன பிறகு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. படிக்கிற பிள்ளையும் அவளோடு சிரித்துவிட்டு, அவளோடேயே வாயை மூடும். நூறு உபதேசம் செய்யாததை அந்த ஒரு பொட்டலம் செய்துவிடும்.

பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ (2000) பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் சக்கிலியப் பையனின் கதை. எஜமான் வீட்டுப் பையனும் அவனும் கூடித்தான் விளையாடுகிறார்கள். ஆனால் எந்த விளையாட்டிலும் ஒருவன் எஜமானாகவே இருக்கிறான். இதில் கடுமையான இடங்கள் உண்டு. ஆகையால் எட்டாவதுக்காரருக்குப் பெரியவர்கள் உடனிருந்து வாசித்துக் காட்டுவது நலம். சின்னவர்களுக்கு ஜப்பானிய ‘டோட்டோ சான்’ இருக்கிறது. 1981-ல் வந்தது, தமிழிலும் கிடைக்கிறது. அதில் இளம்பிள்ளை வாதத்தால் கால் விளங்காத தோழனை அச்சிறுமி படாத பாடுபட்டுத் தன் மரத்தில் ஏற்றுகிறாள். இரக்கப்பட்டா? இல்லை, தன் மரத்துக்கு விருந்தாளியாக அழைத்து! இதுவும் ‘கருக்கு’ம் நடந்த வாழ்க்கையாயிற்றே, நாவலாகுமா என்று பண்டிதர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும்.

“குழந்தை மனசில் சாதியைப் புகுத்தாதீர்கள்” என்று சிலர் உபதேசிக்கிறார்கள். பதினொரு வயதில் கையில் கயிறு கட்டிவிட்டது யார்? நாவலா? கட்டும்போது எங்கே போயிருந்தார்கள் இந்தக் குழந்தை மனசுக்காரர்கள்?

மதுரை நத்தம் ரோட்டில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் பிள்ளைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துத் தோழர்கள் ஒரு நாள் பிள்ளைகளோடு பஸ் ஏறி வாருங்கள். சொந்தப் பிள்ளையோடு பக்கத்துத் தெருப் பிள்ளையையும், முக்கியமாய் உங்கள் வீட்டுக்குள் இதுவரை வராத பிள்ளையையும் அழைத்து வாருங்கள். இரண்டு பேரையும் ஒரே பெஞ்சியில் உட்காரவைத்து ஒரே புஸ்தகத்தைக் கொடுங்கள்.