எலிக்குக் கிடைத்த சுகம் எமது பிள்ளைக்கும் கிடைக்குமா?

"எலிகளில் மூளைக் குறைபாடு குணமானது" என்று செய்தி வந்தால் அதை உடனே உறவினருக்கு அனுப்பிவைப்பது எம்மவர் வழக்கம். கொஞ்சம் பொறுப்போம்.

பரம்பரையாக வரும் அறிவுத்திறன் குறைபாடுகளில் அதிகம் காணப்படுவது 'ஃபிரஜைல் எக்ஸ்'. இதற்குரிய மரபணுவை நீக்கிய எலிகளை டச்சு, பெல்ஜிய ஆய்வாளர்கள் 1994இல் உருவாக்கினார்கள். நரம்புக் கலங்களின் கிளைகளில் சிறு முட்கள் உண்டு. அடுத்த கலத்தின் சேதியை வாங்குமிடம் அவைதான். இந்த எலிகளில் அவை மெலிந்து நீண்டு, முதிராமல் இருக்கின்றன. கற்றலுக்குக் கலங்களின் இணைப்பு இறுகவும் வேண்டும், தளரவும் வேண்டும். இங்கே தளர்வு அளவுக்கு மிஞ்சிவிடுகிறது. 2007இல் அமெரிக்காவில் மார்க் பியர் குழுவினர், 'எம்குளூஆர்5' என்ற ஏற்பியைப் பாதியாகக் குறைத்துப் பிறப்பித்த எலிகளில் பல குறைகள் சீராகியிருந்தன. அந்த ஏற்பியை அடக்கும் மருந்தை மனிதரில் சோதித்த நொவார்ட்டிஸ் நிறுவனம், பலன் தெரியாமல் 2014இல் அம்முயற்சியைக் கைவிட்டது.

எலிகளில் நாம் குறை காணவில்லை. எமது கவலை வேறு. "ஆம்பிளைப் பிள்ளை, மெதுவாய்த்தான் கதைப்பான்" என்று இரண்டு வருடம் போய்விடுகிறது. ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் விடயம் இது! தாய்மேல் பழி வருமென்று சிலர் ஒளிக்கிறார்கள். அந்தத் தாய்க்கே அது தன் தகப்பனிடமிருந்து வந்திருக்கலாம். யாரும் கேட்டு வாங்கியதல்ல. முடிவு தெரிந்தால் தாயின் சகோதரிகளும் கருத்தரிக்குமுன் வைத்தியரிடம் ஆலோசனை பெறலாம்.

பேச்சுப் பயிற்சியைத் தொடங்க எந்த எலியின் முடிவுக்கும் காத்திருக்கத் தேவையில்லை. இந்த வாரமே குடும்ப வைத்தியரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள்.