மந்தம் யாருக்கு?

“பொண்ணுக்குக் கணக்கு ஏறல. தறிக்கு அனுப்பிடலாம்.” அம்மாபேட்டையின் நெசவுத் தெருக்களில் இந்தத் தீர்ப்பைக் கேட்டே வளர்ந்தவள் நான். கணக்கில் தோற்ற பையனுக்கு டியூஷன்; கணக்கில் தோற்ற பெண்ணுக்குத் தார் சுற்றும் ராட்டை. மேல்முறையீடு கிடையாது.

இப்போது இந்தத் தீர்ப்புக்கு அறிவியல் சாயம் ஏற்றுகிறார்கள். “மூளையே அப்படி, நாம என்ன செய்ய?” என்கிறார்கள் படித்தவர்கள். சரி, மூளையைப் பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள்?

கணக்கில் திணறும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் மூளையை எம்.ஆர்.ஐ. கருவியில் ஆராய்ந்தது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வினோத் மேனன் குழு. அந்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. அந்த மூளைகள் தூங்கவில்லை. மற்றப் பிள்ளைகளின் மூளையைவிடப் பல பகுதிகளில் மிகையாக இயங்கின. நாம் ‘மந்தம்’ என்று பெயர் வைத்த பிள்ளை, அதே விடைக்கு அதிகமாகப் பாடுபட்டுக்கொண்டிருந்தது! எட்டு வாரம் ஒவ்வொரு பிள்ளையாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். கணக்கு வந்தது, மூளையின் இயக்கமும் மற்றவர்களுடையதைப் போல ஆனது.

‘பெண் மூளை’ என்ற கதையும் நிற்கவில்லை. மூன்று முதல் பத்து வயதுவரையிலான 104 பிள்ளைகளைப் பரிசோதித்த ஜெசிகா கான்ட்லன் குழு, கணக்கின்போது ஆண், பெண் மூளை இயக்கத்தில் வேறுபாடு காணவில்லை என்று 2019இல் எழுதியது.

டிஸ்கால்குலியா என்னும் கணிதக் கற்றல் குறைபாடு உண்மையானது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதன் பெயரைச் சொல்லியே ஏற்கிறது. ஆனால் அதைக் கண்டுபிடிக்க யாராவது பிள்ளையைக் கவனிக்க வேண்டுமே! குறும்பு செய்யும் பையன் கண்ணில் படுகிறான். கடைசி வரிசையில் வாய்மூடி உட்கார்ந்திருக்கும் பெண்ணை ‘அடக்கமானவள்’ என்று பாராட்டி விட்டுவிடுகிறார்கள்.

அவளை அனுப்பும் தறியிலும் கணக்குத்தான். பாவில் இழை எண்ண வேண்டும், கரைக்கு அளவு பார்க்க வேண்டும். அதை யாரும் கணக்கு என்று சொல்வதில்லை. கூலியும் முன்பணப் பிடித்தமும் முதலாளியின் நோட்டில் இருக்கின்றன. கணக்குத் தெரியாத பெண் அங்கே கையெழுத்து மட்டும் போடுகிறாள். அவளுக்குக் கணக்கு வராமல் இருப்பதில் யாருக்கு லாபம் என்று இனியும் விளக்க வேண்டுமா?

நாளை ஆசிரியராகப் போகும் தோழிகளே, “இவளுக்கு வராது” என்று எந்தப் பிள்ளையைப் பற்றியும் சொல்லாதீர்கள். “இவளுக்கு யார், எத்தனை வாரம் சொல்லிக்கொடுத்தீர்கள்?” என்று கேளுங்கள். பதில் வரும்வரை அவள் பள்ளியில் இருக்கட்டும்.