அடிக்கோட்டை அழித்தது நாங்கள்தான்

தவணைப் புள்ளிகளைக் கணினியில் பதிவது எப்படி என்று எங்கள் பாடசாலை ஆசிரியர்களுக்காக உதவிப் பக்கங்கள் கொஞ்சம் செய்தோம். ஐ.சி.டி. படிப்பிக்கிற மூன்று பேர், இரண்டு கிழமை, பாடசாலை விட்ட பிறகு இருந்து செய்த வேலை. 23 தலைப்புகள், ஒவ்வொன்றும் தனிப் பக்கம். முதல் பக்கத்தில் உள்ளடக்கப் பட்டியல் மட்டும். தலைப்பைத் தொட்டால் உரிய பக்கம் திறக்கும். வட்சப் குழுவில் அனுப்பிவிட்டு, அல்ஹம்துலில்லாஹ், இனி நமக்குக் கோல் வராது என்று இருந்தோம்.

முதல் நாளே ஏழு கோல். கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் அந்தப் பக்கங்களில் இருந்தது. ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிற ஒரு டீச்சர் கேட்டதுதான் எங்களை உட்கார வைத்தது. "தம்பி, நீங்க அனுப்பினதுல தலைப்பு மட்டும்தானே இருக்கு. விஷயத்த எப்ப போடுவீங்க?"

அவர் பகிடிக்குக் கேட்கவில்லை. பட்டியலைத் தொடலாம் என்றே அவருக்குத் தெரியவில்லை. தெரியும்படி நாங்கள் வைத்திருக்கவும் இல்லை. பக்கம் "நீட்டாக" இருக்கட்டும் என்று ஸ்டைல்ஷீட்டில் 'டெக்ஸ்ட்-டெகரேஷன்: நன்' என்று ஒரு வரி எழுதி அடிக்கோட்டை எடுத்தோம். நீலம் பழைய காலத்து நிறம் என்று சாம்பலுக்கு மாற்றினோம். மவுஸைக் கொண்டுபோனால் பச்சையாகும்படி ஹோவர் வைத்தோம். லெப்டொப்பில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. எங்கள் ஆசிரியர்களில் அநேகமானோர் பார்த்ததோ போனில். விரலுக்கு ஹோவர் ஏது?

இந்தப் பிழையை நாங்கள் மட்டும் செய்யவில்லை என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறோம். உயர்தர மாணவர்களின் செயற்றிட்டங்களைத் திருத்தும்போது பார்க்கிறோம், முதலில் எழுதுகிற வரியே அடிக்கோட்டை அழிக்கிற வரிதான். எங்களிடம் படித்த பழக்கம், வேறென்ன.

"பட்டியல் என்றாலே தொடலாம் என்று தெரியாதா ஸேர்?" என்று ஒரு மாணவன் கேட்டான். நியாயமான கேள்விதான். பக்கத்தின் மேலே வரிசையாக நிற்கும் மெனுவுக்கு அடிக்கோடு கட்டாயமில்லை, அது நிற்கிற இடமே சொல்லிவிடும். ஆனால் உதவிப் பக்கத்தின் உள்ளடக்கப் பட்டியல் மெனு மாதிரி இல்லை, புத்தகத்தின் பொருளடக்கம் மாதிரி இருக்கிறது. அச்சுப் புத்தகத்தின் பொருளடக்கத்தை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை, பக்க எண்ணைத்தான் தேடுவார்கள். முப்பது வருடம் புத்தகத்தோடு வாழ்ந்த ஒருவர் திரையிலும் அதைத்தானே செய்வார்? போதாததற்கு, எங்கள் பட்டியலில் "பகுதி 1", "பகுதி 2" என்று தொட முடியாத தலைப்புகளும் அதே சாம்பலில் இருந்தன. ஒருவர் முதலில் தொட்டது அதைத்தான். ஒன்றும் நடக்கவில்லை, விட்டுவிட்டார்.

டபிள்யூ.3.சி. அமைப்பு 2008இல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டியின் இரண்டாம் பதிப்பிலேயே இரண்டு விடயம் உண்டு. ஒன்று, நிறத்தை மட்டும் நம்பி ஒரு தகவலைச் சொல்லக்கூடாது. மற்றது, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும். நாங்கள் ஆசைப்பட்டுத் தெரிவுசெய்த '#999' சாம்பல் வெள்ளைப் பின்னணியில் 2.85தான். பின்னேர வெயிலில் வராந்தாவில் நின்று போனைப் பார்ப்பவருக்கு அது எழுத்தே இல்லை. கலாசாலையில் கரும்பலகைப் பயிற்சியில் எங்களுக்குச் சொன்ன முதல் விஷயமே, சிவப்புச் சோக்கால் எழுதினால் கடைசி வாங்குக்குத் தெரியாது என்பது. திரைக்கு முன்னால் இருந்ததும் அது மறந்துபோனது.

ஆனால் எங்கள் கண்ணில் இவற்றை விடப் பெரிய பிழை வேறொன்று. 'ஏ' என்று ஒரே விதியில் நிறத்தை எழுதினோம். அப்படி எழுதினால், போய்வந்த இணைப்புக்குப் பிரவுசர் தானாகக் கொடுக்கும் ஊதா நிறமும் சேர்ந்து அழிந்துவிடும். செய்திப் பக்கத்தில் அதனால் பெரிய நட்டமில்லை. உதவிப் பக்கத்துக்கு வருபவர் வாசிக்க வருவதில்லை, மாட்டிக்கொண்டு வருகிறார். புள்ளித் தாளைச் சமர்ப்பிக்க அடுத்த நாள் கடைசி நாள், ஏதோ ஒரு சிவப்புச் செய்தி வந்து நிற்கிறது, எந்தத் தலைப்பில் பதில் இருக்கும் என்று தெரியாது. ஒன்றைத் திறக்கிறார், அதில் இல்லை. இன்னொன்றைத் திறக்கிறார், அதிலும் இல்லை. திரும்பி வந்தால் 23 வரியும் ஒரே நிறம். பார்த்ததையே மறுபடி பார்க்கிறார். மூன்றாம் முறை எங்களுக்குக் கோல் எடுக்கிறார். எடுக்காமல் என்ன செய்வார்?

போய்வந்ததற்குப் பக்கத்தில் ஒரு சரி அடையாளம் போடலாமே என்று முயன்றும் பார்த்தோம். முடியாது. அதற்கு ஒரு கதை இருக்கிறது. முன்னர் ஓர் இணையத்தளம், ஆயிரக்கணக்கான இணைப்புகளை மறைவாக வைத்து, ஒவ்வொன்றும் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பிரவுசரிடமே கேட்டு, நீங்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்று கண்டுபிடிக்க முடிந்தது. 2010இல் மொஸில்லாவின் எல். டேவிட் பாரன் இதற்கு ஒரு தடையை முன்வைத்தார், மற்றப் பிரவுசர்களும் அதே வழிக்கு வந்தன. அன்றிலிருந்து 'விசிட்டட்' விதியில் நிறங்களை மட்டுமே மாற்றலாம். எழுத்தைத் தடிப்பாக்கவோ படம் வைக்கவோ முடியாது, நிறத்தைக் கேட்கும் நிரலுக்கும் பிரவுசர் உண்மையைச் சொல்லாது. நல்ல தடைதான். ஆகவே அந்த ஒரு நிறம்தான் மிச்சம், அதையும் எடுத்துவிட்டால் வாசிப்பவருக்கு வழியில் ஓர் அடையாளமும் இல்லை.

லிங்க், விசிட்டட், ஹோவர், எக்டிவ் என்ற வரிசையை 'லவ் - ஹேட்' என்று வைத்து மனப்பாடம் செய்ய வைக்கிறோம். பரீட்சைக்குப் போதும். ஏன் அந்த வரிசை என்று கேட்டால் வகுப்பில் பதில் வராது. நான்குக்கும் ஒரே வலு, ஆகவே கடைசியில் எழுதியது வெல்லும். ஹோவருக்குப் பின்னால் விசிட்டட்டை எழுதினால், போய்வந்த இணைப்பின் மேல் மவுஸை வைத்தாலும் நிறம் மாறாது. இதை ஒருமுறை பிழையாக எழுதவைத்துக் காட்டினால் மனப்பாடம் தேவையே இல்லை. 'அவுட்லைன்: நன்' என்ற வரியும் அப்படித்தான், வடிவாக இல்லை என்று எடுக்கிறார்கள். எங்கள் லேப்பில் மவுஸ் பழுதான கணினிகளில் பிள்ளைகள் டெப் விசையால்தான் நகர்கிறார்கள். அந்தக் கோடு போய்விட்டால் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாது.

தமிழுக்கு என்று தனிச் சிக்கலும் உண்டு, ஆங்கிலப் பாடங்களைக் கொப்பி பண்ணினால் இது பிடிபடாது. பு, சு, யு, வு எல்லாம் கீழே இறங்கும் எழுத்துகள். பிரவுசர் அந்த இடங்களில் அடிக்கோட்டை வெட்டிவிடுவதால் கோடு துண்டு துண்டாகத் தெரியும். அடிக்கோடு அசிங்கம் என்று நாங்கள் நினைத்ததற்கு உண்மையில் இதுதான் காரணம். கோட்டை அழிக்கத் தேவையில்லை, 'டெக்ஸ்ட்-அண்டர்லைன்-ஒஃப்செட்' கொடுத்துக் கொஞ்சம் கீழே இறக்கினால் போதும். வரி உயரத்தை 1.7 அளவுக்குக் கூட்டினோம், இறக்கிய கோடு அடுத்த வரியில் முட்டவில்லை.

அடுத்தது நீளம். "தவணைப் பரீட்சைக்குத் தோற்றாத மாணவரின் புள்ளியைப் பதிதல்" என்ற தலைப்பு போனில் இரண்டு வரி, சிலவேளை மூன்று. தலைப்புகளுக்கு இடையிலும் வரிகளுக்கு இடையிலும் ஒரே இடைவெளி இருந்ததால் எது எங்கே முடிகிறது என்று விளங்கவில்லை. இரண்டு டீச்சர்மார் "பதிதல்" என்பதைத் தனித் தலைப்பாக எண்ணியிருந்தார்கள்! தலைப்புகளுக்கு இடையிலான இடைவெளியைக் கூட்டினோம், விரல் பக்கத்துத் தலைப்பில் படுவதும் நின்றது. 2023இல் வந்த வழிகாட்டி 2.2 தொடும் இடத்துக்கு 24க்கு 24 சீ.எஸ்.எஸ். பிக்ஸல் கேட்கிறது. தமிழ்த் தலைப்புக்கு அதற்கு மேலேயே வைக்கலாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

இப்போது பட்டியல் பழைய நீலத்தில், அடிக்கோட்டோடு இருக்கிறது. போய்வந்தவை ஊதா. "பகுதி" தலைப்புகள் கறுப்பு, கோடில்லை. எங்களில் ஒருவருக்கு இன்னும் மனம் ஆறவில்லை, 1995ஆம் ஆண்டுப் பக்கம் மாதிரி இருக்கிறதாம். இருக்கட்டும்.

அந்த டீச்சர் முந்தாநாளும் கோல் எடுத்தார். பதினேழாம் தலைப்பில் நாங்கள் எழுதிய மூன்றாவது படி பிழையாம், பட்டனின் பெயரை மாற்றி எழுதியிருக்கிறோமாம். போய்ப் பார்த்தோம். பிழைதான்.