ஞாயிற்றுக்கிழமை நாய்கள் ஓடும் மைதானம்

"கோல்ஃபா? பணக்காரன் விளையாட்டுப்பா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். சோம்பேறித்தனமான பதில். ஸ்காட்லாந்தில், செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸில், குலுக்கலில் பேர் விழுந்து ஒரு ரவுண்டு ஆடினேன். 18 குழி என்ற கணக்கே 1764-இல் அங்கே பிறந்ததுதான். பொது மைதானம், ஆனாலும் கோடையில் கட்டணம் 300 பவுண்டுக்கு மேல். வயிறு எரிந்தது, மறைக்கவில்லை.

கடைசிக் குழிக்குப் போகிற வழியில் குறுக்கே ஒரு தெரு. ஊர்க்காரர்கள் பாட்டுக்குக் கடந்துபோகிறார்கள். ஆடுகிறவன்தான் மட்டையோடு காத்து நிற்கணும். ஞாயிறன்று பெரும்பாலும் ஆட்டமே கிடையாது. புல்வெளி முழுக்க நாய்கள், குழந்தைகள்.

நம்ம கிண்டி ரேஸ் கோர்ஸுக்குள்ளும் கோல்ஃப் புல்வெளி இருந்தது. 2024-இல் அந்த 160 ஏக்கரை அரசு எடுத்துக்கொண்டபோது "விளையாட்டே போச்சு" என்று புலம்பியவர்களைக் கேட்கிறேன்: எந்த ஞாயிற்றுக்கிழமை எங்களை உள்ளே விட்டீங்க?